விருதுகளின் பேரேடு: பெரிய ஆட்டமும் சின்ன ஆட்டமும்

தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே வாழ்கின்ற நம் குடும்பங்களில் இன்று எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழுகிறது: "பிள்ளையை எந்த விளையாட்டில் சேர்க்கலாம்?" சேர்த்தால் பேர் கிடைக்குமா, சர்டிபிகேட் வேலைக்கு உதவுமா, அரசாங்கம் ஒருநாள் கூப்பிட்டு மாலை போடுமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். தடாவில் கடை வைத்து வாழ்கிறவன் நான். கல்லாப்பெட்டிக்கு எதிரே நின்று பெற்றோர்கள் இதைப் பேசுவதைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். நாட்டின் உயர்ந்த விருதுகள் எந்த ஆட்டத்துக்குப் போயின, எதற்குப் போகவில்லை, ஏன் என்பதை வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பது பயனுடையதாக இருக்கும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

ஒரே குளிர்காலத்தில் இரண்டு பலகைகள்

2024-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் சென்னையைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் உலக அளவில் வென்றார்கள். இருவரும் இருபது வயதைத் தொடாதவர்கள். இருவருடைய ஆட்டமும் பலகை மேல் ஆடுகிற ஆட்டம்.

நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் பெற்றார். அடுத்த மாதம் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று சதுரங்க உலகச் சாம்பியன் ஆனார்.

குகேஷ் வென்றதும் இரண்டு மாநிலங்கள் அவரை உரிமை கொண்டாடின. "நம்ம தெலுங்குப் பிள்ளை" என்று ஆந்திர முதலமைச்சர் வாழ்த்தினார். சென்னையின் பெருமை என்று தமிழக முதலமைச்சர் வாழ்த்தினார். குடும்பத்தின் பூர்வீகம் சத்தியவேடு பக்கம் என்று பத்திரிகைகள் எழுதியபோது தடாவில் எங்களுக்கும் ஒரு சந்தோஷம்தான். சத்தியவேடு எங்களுக்குப் பக்கத்து ஊர் அல்லவா! தமிழக அரசு ஐந்து கோடி ரூபாய் தந்தது. 2025 ஜனவரி 17 அன்று குடியரசுத் தலைவர் கையால் கேல் ரத்னா விருதும் கிடைத்தது. வென்ற நாளிலிருந்து எண்ணினால் ஐந்து வாரம்.

காசிமாவுக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் தந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரு கேரம் வீராங்கனைக்கு அது பெரிய தொகை, நல்ல செயல். ஆனால் அந்த ஆண்டின் தேசிய விளையாட்டு விருதுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எந்த இரண்டு முதலமைச்சர்களும் அவருக்காகப் போட்டி போடவும் இல்லை.

குகேஷுக்குக் கிடைத்தது அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவர் உழைப்புக்கு உரிய கூலி. ஒரு தட்டில் சரியாக நிறுத்தது இன்னொரு தட்டில் ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி. பலரும் இதற்கு உடனே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "எல்லாத்தையும் கிரிக்கெட்டே தின்னுடுது." இந்தப் பதில் பாதிதான் சரி என்பதைப் பழைய பட்டியல்களைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம்.

1956: ஒரே படியில் நின்ற இருவர்

1956-இல் இரண்டு விளையாட்டு வீரர்களுக்குப் பத்ம பூஷண் வழங்கப்பட்டது. ஒருவர் ஹாக்கி மேதை தியான் சந்த். 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கித் தந்தவர். மற்றவர் சி.கே.நாயுடு. 1932-இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கியவர். தெலுங்குக் குடும்பத்தில், நாகபுரியில் பிறந்து வளர்ந்தவர். நம்மைப் போல் மாநிலம் கடந்து வாழ்ந்த குடும்பம் என்பது கவனிக்கத்தக்கது. அன்றைக்கு ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஒரே தராசில் ஒரே எடையாக நின்றன.

1961-இல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டது. அந்த முதல் வருஷத்துப் பட்டியலைப் படித்தால் மனம் நிறையும். கிரிக்கெட்டுக்கு சலீம் துரானி, கால்பந்துக்கு பி.கே.பானர்ஜி, இறகுப்பந்துக்கு நந்து நாடேகர், துப்பாக்கி சுடுதலுக்கு கர்ணி சிங் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் தேடி எடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து டென்னிசுக்கு ராமநாதன் கிருஷ்ணன், கைப்பந்துக்கு ஏ.பழனிசாமி, சதுரங்கத்துக்கு மேனுவல் ஆரோன்.

மேனுவல் ஆரோன் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். அன்று சதுரங்கத்தைத் திண்ணையில் பொழுது போக்கும் ஆட்டம் என்றுதான் ஊர் நினைத்தது. ஒலிம்பிக்கிலும் கிடையாது, ஆசிய விளையாட்டிலும் கிடையாது. ஆனாலும் முதல் வருஷமே விருது கொடுத்தார்கள். அந்த மதிப்பு வீண் போகவில்லை. அவர் முன்னின்று நடத்திய தால் சதுரங்கக் கழகம் 1972-இல் சென்னையில் இருந்த சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கியது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகிய இடம் அதுதான். ஆனந்திலிருந்து குகேஷ் வரை வந்த வரிசைக்குப் பின்னால், யாரும் பார்க்காத ஆட்டத்துக்கு 1961-இல் கொடுத்த ஒரு விருதும் இருக்கிறது. விருது என்பது விதைநெல் மாதிரி, முளைக்க நாளாகும்.

கேல் ரத்னா சொல்லும் கணக்கு

1991-92-இல் ராஜீவ் காந்தி கேல் ரத்னா என்ற பெயரில் மிக உயர்ந்த விளையாட்டு விருது ஏற்பட்டது. முதலில் பெற்றவர் ஆனந்த். அடுத்து பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் கீத் சேத்தி. பாய்மரப் படகு வீரர்கள் இருவர் பெற்றார்கள். ஆந்திரத்து ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி பெற்றார். சிட்னி ஒலிம்பிக்கில் 240 கிலோ தூக்கி அவர் வெண்கலம் வென்றது 2000-இல். கேல் ரத்னா அதற்கு முன்பே அவரைத் தேடி வந்துவிட்டது.

இத்தனை பேருக்கும் பிறகு, 1997-98-க்குத்தான் கிரிக்கெட்டின் முறை வந்தது: சச்சின் டெண்டுல்கர். அதற்குப் பிறகு தோனி, கோலி, ரோகித் சர்மா, மித்தாலி ராஜ். 2024 பட்டியல் வரைக்கும் எண்ணினால் கிரிக்கெட்டுக்கு மொத்தம் ஐந்துதான். ஆகவே "எல்லாம் கிரிக்கெட்டுக்கே" என்ற புகார் கேல் ரத்னாவைப் பொறுத்தவரை நிற்காது. பேரேட்டைப் பார்க்காமல் கடன் பாக்கி சொல்லக் கூடாது என்பது வியாபாரிகள் பழக்கம். இதற்கும் அது பொருந்தும்.

பாரத ரத்னாவில் தராசு சாய்ந்த விதம்

சாய்ந்தது வேறு இடத்தில். 2008-இல் ஆனந்தும் சச்சினும் ஒரே ஆண்டில் பத்ம விபூஷண் பெற்றார்கள். ஐம்பது வருஷம் முன்பு தியான் சந்தும் நாயுடுவும் நின்றது போல இவர்களும் ஒரே படியில் நின்றார்கள்.

பாரத ரத்னா 1954-இல் ஏற்பட்டபோது கலை, இலக்கியம், அறிவியல், பொதுத்தொண்டு ஆகியவற்றுக்கே உரியதாக இருந்தது. 2011-இல் விதியை மாற்றி எந்தத் துறைக்கும் கொடுக்கலாம் என்றார்கள். விளையாட்டுக்குக் கதவு திறந்தது. முதலில் தியான் சந்துக்குத்தான் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2013 நவம்பர் 16 அன்று சச்சின் கடைசி டெஸ்ட் ஆடி முடித்த அதே நாளில் அவருக்கு என்று அறிவிப்பு வந்தது. 2014 பிப்ரவரியில் வழங்கப்பட்டது. விளையாட்டுக்காக அந்த விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. தியான் சந்தின் பிறந்தநாளான ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாள்; 2021-இல் கேல் ரத்னாவுக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். பேர் வைத்தார்கள், ஆனால் அந்தப் பதக்கம் வரவில்லை.

இதைவிட மனசை உறுத்துவது கே.டி.ஜாதவ் கதை. சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த மல்யுத்த வீரர் அவர். 1952 ஹெல்சிங்கி, வெண்கலம். 1984-இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது 2000-ஆம் ஆண்டுக்கானதாக, இறந்தபின் வந்தது. உயிரோடு இருக்கையில் இந்த நாட்டின் தேசிய விருது எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

பூப்பந்து: நம் மண்ணில் பிறந்த ஆட்டம்

இப்போது நம் வீட்டு ஆட்டத்துக்கு வருவோம். மஞ்சள் நிற உல்லன் பந்து, நடுவில் வலை, ஒரு பக்கம் ஐந்து பேர். பூப்பந்து என்றால் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஐம்பது வயது தாண்டிய எவருக்கும் பள்ளிக்கூட மைதானம் ஞாபகம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்று சொல்லுவார்கள். செலவு குறைவு. மட்டை, பந்து, வலை இருந்தால் போதும். கூரை வேண்டாம், மரத்தடியே அரங்கம். அதனால் தென்னாட்டுக் கிராமம் கிராமமாகப் பரவியது. மாநில எல்லையை அது மதிக்கவில்லை. தமிழ் மண்ணில் பிறந்து தெலுங்கு மண்ணில் செழித்தது.

அதற்குச் சாட்சி, பூப்பந்துக்கு முதல் அர்ஜுனா பெற்றவர் தெலுங்கர். ஜம்மலமடக பிச்சய்யா, கிருஷ்ணா மாவட்டத்துக்காரர், வாரங்கலில் வாழ்ந்தவர். 1970-இல் விருது பெற்றார். நூறு வயதைக் கடந்து 2021 டிசம்பரில் மறைந்தார். அவருக்குப் பின் 1972-இல் ஜே.சீனிவாசன், 1973-இல் ஏ.கரீம், 1975-இல் எல்.ஏ.இக்பால், 1976-இல் சாம் கிறிஸ்துதாஸ், 1984-இல் டி.ராஜாராமன். அதோடு அந்த வரிசை நின்றது. பிச்சய்யா வாழ்ந்த காலத்திலேயே அவருடைய ஆட்டத்துக்கு விருது வருவது நின்று, முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆட்டம் செத்துவிட்டதா என்றால் இல்லை. தேசியப் போட்டிகள் நடக்கின்றன, பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன, ரயில்வே அணிகள் உண்டு. ஆனால் பூப்பந்து ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டில் இல்லை. இங்கேதான் நாம் தேடும் காரணம் இருக்கிறது.

இரண்டு வாசல்கள்

முன்பு விருதுக்குழு கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. சிபாரிசு, செல்வாக்கு என்ற புகார்கள் எழுந்தன, வழக்குகளும் வந்தன. அதனால் பிற்காலத்தில் மதிப்பெண் முறை வந்தது. ஒலிம்பிக், உலகப் போட்டி, ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் எனப் பதக்கத்துக்குப் பதக்கம் மதிப்பெண். இது நல்ல முறைதான். சிபாரிசு இல்லாத ஏழை வீரனுக்கு இது ஒரு காப்பு. ஆனால் அந்த ஏணியில் இடமே இல்லாத ஆட்டத்தை ஆடுகிறவன் என்ன செய்வான்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே!

கிரிக்கெட்டும்கூட 1900-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. 2028-இல் லாஸ் ஏஞ்சல்சில்தான் திரும்புகிறது. பின்னே அதற்கு எப்படி விருது வருகிறது? எல்லோரும் பார்க்கிறார்கள். அதனால் விதியில் தனி இடம் வைத்தே எடை போடுகிறார்கள். ஆக விருதுக்கு இரண்டு வாசல். ஒன்று ஏணி வாசல், மற்றது புகழ் வாசல். பளுதூக்குதலுக்குப் புகழ் இல்லை, ஏணி உண்டு. கிரிக்கெட்டுக்கு ஏணி குறைவு, புகழ் உண்டு. இரண்டும் இல்லாதவை பூப்பந்தும் கேரமும். உண்மையான கோடு இங்கேதான் விழுகிறது. கிரிக்கெட்டுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் இல்லை.

கபடியைப் பாருங்கள். 1972 முதலே அர்ஜுனா வந்ததுண்டு என்றாலும், 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்ந்து இந்தியா தங்கம் வென்ற பிறகுதான் அதன் நிலை உறுதியானது. தமிழ்நாட்டு ராஜரத்தினத்துக்கு 1994-இல், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனுக்கு 1995-இல் அர்ஜுனா. 2014-இல் புரோ கபடி தொலைக்காட்சியில் வந்ததும் புகழ் வாசலும் திறந்தது. அதே ஆட்டம், அதே மண், அதே மூச்சு. ஏணி கிடைத்ததும் நிலை மாறிவிட்டது.

மாற்றுத்திறன் வீரர்கள் கதையும் இதுவே. முரளிகாந்த் பேட்கர் 1972-இல் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றார். அவருக்கு அர்ஜுனா வாழ்நாள் விருது கிடைத்தது 2025 ஜனவரியில். குகேஷ் விருது வாங்கிய அதே விழா. ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்திருப்பு. ஆனால் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் தங்கம் தாண்டினார்; 2017-இல் பத்மஸ்ரீயும் அர்ஜுனாவும், 2020-இல் கேல் ரத்னாவும் பெற்றார். ஐம்பது ஆண்டு நான்கு ஆண்டாகச் சுருங்கியது. மனிதர்கள் மாறவில்லை, விதி மாறியது. விதியை மாற்றியவர்களும் மனிதர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேரம் பலகையின் ஒற்றைப் பெயர்

கேரம் ஆடாத தமிழ் வீடு உண்டா? சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் உருவானது. 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியன் ஆன சென்னை மரிய இருதயத்துக்கு 1996-இல் அர்ஜுனா வழங்கினார்கள். 2024 பட்டியல் வரை பார்த்தால் கேரத்துக்கு அர்ஜுனா பெற்ற பெயர் அது ஒன்றே. நடுவில் வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றார். பீகாரின் ரஷ்மி குமாரி பலமுறை வென்றார். காசிமாவும் வென்றார். பேரேட்டில் வரவுப் பக்கம் நிறைந்துகொண்டே போகிறது. பற்றுச் சீட்டு மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில் எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். "கேரம் எத்தனை நாட்டில் ஆடுகிறார்கள்? போட்டி குறைந்த இடத்தில் வெல்வதும் போட்டி மிகுந்த இடத்தில் வெல்வதும் ஒன்றா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒன்று இல்லைதான். அதனால் கேரத்துக்குக் கேல் ரத்னா கொடு என்று நான் கேட்கவில்லை. ஒரு துறையில் உலகில் முதலிடம் பெற்றவருக்கு அந்தத் துறைக்கு உரிய மரியாதை வேண்டும். 1961-இல் செய்தது போல ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் தேட வேண்டும். அவ்வளவே.

முடியாத காரியமும் அல்ல. 2020-இல் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கோ-கோ ஆட்டக்காரர் சரிகா காலேவுக்கு அர்ஜுனா வந்தது. 2022-இல் மல்லகம்ப வீரர் சாகர் ஓவல்கருக்கு வந்தது. களரிப்பயட்டு மீனாட்சி அம்மா 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். இவை எதுவும் ஒலிம்பிக் ஆட்டங்கள் இல்லை. உள்நாட்டு ஆட்டத்துக்கென ஒரு மூன்றாவது வாசல் மெல்லத் திறக்கிறது. தட்டுகிறவர்களுக்குத்தான் திறக்கும்.

நாம் செய்யக் கூடியவை

விருது வெறும் அலங்காரம் அல்ல. அர்ஜுனாவுக்கு 15 லட்சம், கேல் ரத்னாவுக்கு 25 லட்சம் என 2020-இல் தொகையை உயர்த்தினார்கள். அதைவிட முக்கியம், விருது வந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் வருவார், மைதானம் வரும், பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்கள். விருது வராத ஆட்டத்தில் திறமையான பிள்ளைகூடப் பத்தாம் வகுப்போடு மட்டையைக் கீழே வைத்துவிடும்.

சில தகவல்களை நம் குடும்பங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான ஆட்டங்களின் பட்டியலில் பூப்பந்தும் கேரமும் இருக்கின்றன. "இதை ஆடி என்ன பிரயோஜனம்" என்று பிள்ளையின் ஆசையை முளையிலேயே கிள்ள வேண்டாம். அர்ஜுனா விருதுக்கு வீரர்களே நேராக இணையத்தில் விண்ணப்பிக்கும் வசதி வந்திருக்கிறது. முந்தைய நான்கு ஆண்டுகளின் சாதனையைப் பார்ப்பார்கள். பத்ம விருதுக்கு எந்தக் குடிமகனும் யாரையும் பரிந்துரைக்கலாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் ஆட்டக்காரர்களில் பலர் ஏழைகள்; தாள் எழுதத் தெரியாமலே வாய்ப்பை விட்டவர்கள். படித்த நாம் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரலாம். ஒரு மாலைநேர வேலைதான்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் கிரிக்கெட் போட்டி வைக்கிறோம், வைக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு பூப்பந்து வலையும் நான்கு கேரம் பலகையும் போடுவோம். தடா, சூளூர்பேட்டை, சத்தியவேடு, புத்தூர், சித்தூர் என்று இந்த எல்லை ஓரத்தில் ஒரு காலத்தில் பூப்பந்தும் கபடியும் ஆடிப் பரிசு வாங்கிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு முதல் பந்தைப் போடச் சொல்வோம். அவர்கள் பெயரையும் ஆடிய ஆண்டையும் வென்ற கோப்பையையும் விசாரித்து, அடுத்த மலரில் ஒரு பக்கத்தில் அச்சிடுவோம். டெல்லியின் பட்டியலில் இடம்பெற நாளாகலாம். நம் பட்டியலில் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.